பெரியவருக்கு வைத்த சுருட்டு

உறையூருக்கு மேற்கே, காவிரிக்கரையை ஒட்டி ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் யானையும் பல்லக்கும் நினைவுக்கு வர வேண்டாம். ஓட்டு வீடு ஒன்று, கிணறு ஒன்று, மதியம் வருகிறவர்களுக்கு ஒரு வேளைச் சோறு. அவ்வளவுதான்.

அங்கே இருந்த பெரியவர் சுருட்டுப் பிடிப்பார். ஊரில் அதைக் குறை சொன்னவர்கள் உண்டு. "சாமியாருக்குச் சுருட்டு எதுக்கு?" என்று ஒருவர் நேரிலேயே கேட்டார்.

"கொசு ஜாஸ்தி," என்றார் பெரியவர்.

ஒரு மாசி மாதக் காலையில் அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அப்படிக் கிளம்புவதும், சில நாள் கழித்துத் திரும்புவதும் அவருக்கு வழக்கம்தான். சீடர்கள் இருவரும் வாசல்வரை வந்தார்கள். இளையவன் ஒண்டிமுத்துவிடம், "நான் வர்ற வரைக்கும் என் மணையில நீ உக்காரு," என்றார். மூத்தவர் செவந்திலிங்கத்திடம், மடியில் செருகியிருந்த சுருட்டுக்கட்டை எடுத்துக் கொடுத்தார்.

"பதமா வச்சிரு. வந்து பிடிச்சுக்கிறேன்."

அந்த முறை பெரியவர் திரும்பவில்லை.

காசியில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். பழனி அடிவாரத்தில் பார்த்ததாக இன்னொருவர் சொன்னார். இருவர் சொன்ன அடையாளமும் ஒத்துப்போகவில்லை. ஆண்டுகள் ஓடின. மணையில் உட்கார்ந்த ஒண்டிமுத்து, ஒண்டிமுத்து சாமி ஆனார். செவந்திலிங்கம் செவந்திலிங்கமாகவே இருந்தார். வயதில் மூத்தவர் என்றாலும் அவர் ஒண்டிமுத்துவைச் 'சாமி' என்றுதான் கூப்பிட்டார். சாமி அவரை 'அண்ணே' என்றார்.

செவந்திலிங்கம் முன்பு பஸ் கண்டக்டர். யாரோ மறந்துவிட்டுப் போன குடையைக்கூட, உரியவர் வந்து கேட்கும்வரை சீட்டுக்கடியில் வைத்துக் காத்தவர். அவரிடம் ஒரு பொருளை ஒப்படைத்தால் கவலையில்லை என்று டெப்போவில் பேர்.

பெரியவர் கிளம்பிய சில நாளிலேயே, சுருட்டை எப்படிக் காப்பது என்று அவர் கடைத்தெருவில் லூர்தம்மாளிடம் கேட்டார். லூர்தம்மாள் சுருட்டுக்கடை வைத்திருப்பவள். பெரியவருக்கு எப்போதும் அவள் கடைச் சரக்குத்தான்.

"காஞ்சா பொடியாயிடும். நனைஞ்சா பூசணம் புடிச்சிடும்," என்றாள். "நல்லா மூடுற மாதிரி மரப்பெட்டி ஒண்ணு செய்யுங்க. செங்கல் துண்டைத் தண்ணியில ஊற வச்சு, சொட்டு நின்னதும் ஓரமா வைங்க. சுருட்டுல படக் கூடாது. மூடிட்டு மறந்துடுங்க. கோடையில மட்டும் எப்பவாச்சும் செங்கல்லை நனைச்சாப் போதும்."

செவந்திலிங்கம் எல்லாவற்றையும் செய்தார், மறப்பதைத் தவிர.

தேக்கில் பெட்டி செய்தார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அக்கா மகன் லீவில் வந்தபோது, காற்றின் ஈரத்தைக் காட்டும் கருவி ஒன்றைக் கொண்டுவந்து மூடியின் உட்புறத்தில் பொருத்திக் கொடுத்தான். சின்னக் கடிகாரம் மாதிரி இருந்தது. முள் ஒன்றுதான். "முள்ளு எழுபதுல நின்னா சுருட்டு சௌக்கியமா இருக்குன்னு அர்த்தம், மாமா," என்றான்.

தினமும் காலைப் பூசை முடிந்ததும் செவந்திலிங்கம் பெட்டியைத் திறப்பார். ஒரு சுருட்டை எடுத்து இரு விரலால் மெல்ல அழுத்திப் பார்ப்பார். பிறகு மூக்கருகே கொண்டுபோவார். முதலில் புகையிலை. அதற்கடியில் கருப்பட்டி போல ஒரு தித்திப்பு. இன்னும் அடியில் பெரியவருடைய துண்டின் வாசம். கண்ணை மூடினால், கிணற்றடியில் அவர் கனைப்பதுகூடக் கேட்கும்.

கண்ணைத் திறந்தால் முள் இறங்கியிருக்கும். பதறிப்போய்ச் செங்கலுக்கு ஒரு கரண்டி தண்ணீர் விட்டு மூடுவார். மூடிய பெட்டி உள்ளே பதமாக இருக்குமா என்ற கவலையில் சாயங்காலம் மறுபடி திறப்பார்.

ஒரு வருஷம் ஆடிக் காற்று அடிக்கத் தொடங்கியதும் முள் இன்னும் வேகமாக இறங்கிற்று. இவரும் கூடுதலாகத் தண்ணீர் விட்டார். ஒருநாள் திறந்தபோது, ஒரு சுருட்டின் மேலிலை காய்ந்து வெடித்திருந்தது. பக்கத்தில் இருந்த சுருட்டின்மேல் வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது.

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லூர்தம்மாளிடம் ஓடினார்.

"ஒண்ணும் குடி முழுகிடலை. காஞ்ச துணியால தொடைச்சிடுங்க," என்றாள் அவள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "ஐயா, நான் புதுக்கட்டு ஒண்ணு தர்றேன். பெரியவர் வந்தா அதைக் குடுங்களேன். அவருக்கா தெரியப் போகுது? வருஷம் பூரா சளி புடிச்ச மூக்கு."

"அவருக்குத் தெரியும்," என்றார் செவந்திலிங்கம்.

"தெரிஞ்சா திட்டட்டும். வந்து திட்டட்டுமே. அதுக்குத்தானே காத்துக்கிட்டிருக்கீங்க?"

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

மடத்தில் சாமி மதியச் சமையலுக்குப் பரங்கிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். செவந்திலிங்கம் பெட்டியை எதிரே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"சாமி, எவ்வளவு ஈரம் இருந்தா சரி?"

"எதுக்கு?"

"பெரியவர் சுருட்டுக்கு."

"முள்ளு என்ன சொல்லுது?"

"எழுபதுல நிக்கணும். அம்பதுக்கு எறங்கிடுது."

"எப்ப எறங்குது?"

"தெறந்து பாக்கும்போது."

"மூடி இருக்கும்போது?"

"மூடியிருந்தா எப்படித் தெரியும்?"

சாமி பரங்கித் துண்டுகளைச் சட்டியில் தள்ளினார். அந்த நிதானம் செவந்திலிங்கத்துக்குச் சுருக்கென்றது.

"நாளைக்கே அவர் வாசல்ல வந்து நின்னு கையை நீட்டினா, நான் எதைக் குடுப்பேன்? பூசணத்தையா? உங்களுக்கென்ன சாமி, மணையைக் குடுத்துட்டுப் போனார். மணை காயாது, பூசணம் பூக்காது. எனக்கு இதைக் குடுத்துட்டுப் போயிட்டார்."

சாமி கத்தியைக் கீழே வைத்தார்.

"மாத்திக்கலாமாண்ணே?"

செவந்திலிங்கத்தின் கை தானாகப் பெட்டியின் மேல் போயிற்று.

"பாத்தீங்களா," என்று சாமி சிரித்தார். "சரி, மாத்த வேணாம். எங்கிட்டக் குடுத்து வைங்க. கார்த்திகை தீபத்தன்னைக்குத் திருப்பித் தர்றேன்."

செவந்திலிங்கம் பெட்டியை மடிக்கு இழுத்துக்கொண்டார். குரு பீடத்தில் இருப்பவர் கேட்கிறார். மறுக்க வழியில்லை. பூசணத்தைத் துடைத்தார். செங்கல் துண்டைக் கழுவி, ஊற வைத்து, சொட்டு நின்றபின் ஓரமாக வைத்தார். கடைசியாக ஒரு முறை முகர்ந்துவிட்டு மூடினார்.

"நீங்களே கட்டுங்க," என்றார் சாமி.

செவந்திலிங்கம் சணல் கயிற்றால் நான்கு பக்கமும் இழுத்துக் கட்டினார். பஸ் கூரையில் மூட்டை கட்டுகிறவர்கள் போடும் முடிச்சு அது. வேறு யார் அவிழ்த்துக் கட்டினாலும் அவருக்குத் தெரிந்துவிடும். சாமி பெட்டியைத் தம் அறைக்குக் கொண்டுபோனார்.

மறுநாள் துடைப்பத்தோடு அந்த அறைக்குப் போனவரைச் சாமி வாசலிலேயே நிறுத்தினார். "இனிமே என் அறையை நானே கூட்டிக்கிறேன்."

"சாமி கூட்டுறதா? பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க?"

"தொடைப்பம் ஒண்ணும் சொல்லாது."

அதன்பிறகு காலைப் பூசை முடிந்தால் செவந்திலிங்கத்துக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கிணற்றடியைக் கழுவினார். கழுவிய இடத்தையே மறுபடி கழுவினார். சோறு பரிமாறும்போது கேட்பார்:

"சாமி, சுருட்டு எப்படி இருக்கு?"

"தெரியாதுண்ணே."

"பாக்கலையா?"

"இல்லை."

"மழை புடிச்சிருக்கே."

"ஆமா. நல்ல மழை."

ஒருநாள் லூர்தம்மாள் கடைக்குப் போய், புகையிலை மூட்டையருகே சும்மா நின்றார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "வாங்காம மோந்து பாக்குறதுக்குத் தனி ரேட்டு, ஐயா," என்றாள். வாசம் அதே வாசம்தான். கருப்பட்டித் தித்திப்பும் இருந்தது. பெரியவருடைய துண்டின் வாசம் மட்டும் இல்லை.

ஐப்பசியில் துறையூர்ப் பக்கம் ஒரு குருபூசைக்குச் சாமி போனார். அறைக்கதவைப் பூட்டவில்லை. சாத்தக்கூட இல்லை. செவந்திலிங்கம் நிலைப்படியில் வந்து நின்றார். உள்ளே அலமாரித் தட்டில், பெரியவருடைய பாதக்குறட்டுக்கு மேலே, பெட்டி மங்கலாகத் தெரிந்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. இந்த மழையில் எல்லாச் சுருட்டும் பூத்துப்போயிருக்கும் என்று நினைத்தார். ஒன்றும் ஆகியிருக்காது என்றும் நினைத்தார். திறந்தால் இரண்டில் ஒன்று தெரிந்துவிடும். ஒரு கால் படியைத் தாண்டியது. அங்கேயே நின்றது. பிறகு காலை இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.

கார்த்திகை தீபத்தன்று மாலை அகல்களுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தபோது, சாமி பெட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"உங்க சாமான், அண்ணே."

செவந்திலிங்கம் எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்தார். முதலில் முடிச்சைப் பார்த்தார். அவர் போட்ட முடிச்சு, போட்டபடியே இருந்தது. மெல்ல அவிழ்த்தார்.

மூடியைத் தூக்கினார். முள் எழுபதில் நின்றது. பூசணம் இல்லை. ஒரு சுருட்டை எடுத்து அழுத்தினார். காது மடல் மாதிரி மெத்தென்று அமுங்கி, விட்டதும் எழுந்தது.

"என்ன வச்சீங்க சாமி?"

"நீங்க வச்ச செங்கல்தான்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லை."

செவந்திலிங்கம் சுருட்டை மூக்கருகே கொண்டுபோனார். பாதியில் கை நின்றது. முள் மெல்ல அசையத் தொடங்கியிருந்தது. அவர் சுருட்டை இருந்த இடத்தில் வைத்து மூடியை அழுத்திச் சாத்தினார்.

அகல் வெளிச்சத்தில் அப்போதுதான் பார்த்தார். மூடியும் பெட்டியும் சேரும் இடுக்கின் மேல் திருநீறு அப்பியிருந்தது. ஒருநாள் பட்ட நீறு மாதிரி இல்லை. ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து, தேக்கின் நிறமே அங்கே மங்கியிருந்தது. பக்கத்தில் கயிறும் வெளுத்திருந்தது.

செவந்திலிங்கம் நிமிர்ந்து, சாமியின் நெற்றியில் பட்டையாகப் பூசியிருந்த நீற்றைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார்.

"சாமி... இது என்ன?"

ஒண்டிமுத்து சாமி குனிந்து, அணையப்போன ஓர் அகலின் திரியைத் தூண்டிவிட்டார்.

"எனக்கு மட்டும் மூக்கு இல்லையா, அண்ணே?"