குற்ற ஓலையில் பட்டத்து யானை

முன்னொரு காலத்தில், சட்டம் போடுவதென்றால் சோறு தண்ணீர்கூட மறந்துவிடும் அரசர் ஒருவர் இருந்தார். குற்ற ஓலையில் பெயர் ஏறிய எவரும் சாகும்வரை அரண்மனைப் பணி செய்யக்கூடாது என்பது அவர் போட்ட சட்டங்களில் ஒன்று.

வேம்பன் என்பவன் பதினாறு வயதில், பசி தாங்காமல் ஒரு கட்டுக் கரும்பு திருடிப் பன்னிரண்டு கசையடி வாங்கியவன். இப்போது நாற்பது வயது. யானை பழக்குவதில் அவனுக்கு நிகர் கிடையாது. பாகன் வேலை கேட்டு மூன்று முறை வந்தான். மூன்று முறையும், ஓலைக்கட்டுகளுக்குப் பொறுப்பான அதிகாரி அரங்கேசர் அந்தப் பழைய ஓலையைக் காட்டி விரட்டினார்.

அரசவை விகடன் சேந்தனுக்குப் பொறுக்கவில்லை. "அவன்தான் அடி வாங்கிவிட்டானே, அரசே. அந்த ஓலையை நீக்கிவிடக் கூடாதா?" என்று கேட்டான்.

சேந்தன்மேல் அரங்கேசருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல். "சட்டம் நியாயமில்லை என்று அரசரே தம் வாயால் சொல்லட்டும், மாற்றலாம். பத்து நாளில் வரும் ஆடிப்பெருக்குக்குள் சொல்ல வைக்காவிட்டால் சேந்தன் நாட்டைவிட்டுப் போகட்டும்" என்றார். அரசருக்கு இந்த வேடிக்கை பிடித்துப்போயிற்று; சம்மதித்துவிட்டார்.

சேந்தன் பத்து நாளும் ஓலைக்கட்டுகளைப் பிரித்துப் படித்தபடியே இருந்தான். கண் சிவந்தும் விடவில்லை.

ஆடிப்பெருக்கன்று ஆற்றுக்குப் புறப்பட்ட அரசர், பட்டத்து யானைமேல் ஏறப் போனார். கையில் ஓலையோடு சேந்தன் குறுக்கே வந்தான்.

"பொறுத்தருள வேண்டும், அரசே. இந்த யானை அரண்மனைப் பணி செய்யக்கூடாது. ஆறாண்டுக்கு முன் கடைத்தெருவில் வாழைத்தார் திருடியிருக்கிறது. எழுதியவர் அரங்கேசர்."

"கடைக்காரர் முறையிட்டார்... முறையீடு வந்தால் எழுதத்தானே வேண்டும்" என்று அரங்கேசர் முனகினார்.

அரசருக்குக் கோபம் வந்தது. "அதற்குத்தான் அன்றே ஒரு நாள் பட்டினி போட்டோமே. தண்டனை முடிந்த பிறகும் விலக்கி வைப்பது என்ன நியாயம்?"

"இந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன், அரசே" என்றான் சேந்தன்.

தம் வாயாலேயே சொல்லிவிட்டது அரசருக்கு அப்போதுதான் உறைத்தது. பிறகு யானையே மிரளும்படி சிரித்தார். தண்டனை முடிந்து ஐந்தாண்டு ஒழுங்காக வாழ்ந்தவரின் ஓலையை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டுவிடலாம் என்று அங்கேயே சட்டம் மாறியது. தம் முத்துமாலையைக் கழற்றிச் சேந்தனுக்குப் போட்டார். வேம்பனைப் பாகனாக்கினார்.

ஆற்றங்கரையில் வேம்பன் தன் ஓலையைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தான். அவனுக்குப் படிக்கத் தெரியாது.

"என்ன எழுதியிருக்கு, சாமி?"

சேந்தன் படித்தான். "வேம்பன். கரும்பு, ஒரு கட்டு."

"இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு, அவன் அதைத் தண்ணீரில் விட்டான்.