தவசி செய்த அப்நார்மல்

அந்த ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் ஊர்க்காரர்கள் சண்டைக்குக் கிளம்புவார்கள். வழி தெரியாமல் உங்கள் வீட்டுக்கு வந்து நிற்பார்கள்.

அங்கே மூக்கன், ஒச்சப்பன், குருந்தன் என்று மூன்று அண்ணன்கள். கடைசித் தம்பி தவசிக்கு நெற்றி வழுக்கையான பிறகுதான் ஒரு பெண் அமைந்தாள், செவந்தி. அந்தக் கல்யாணத்துக்குப் பந்தல் கட்டும்போது தவசி தலைகுப்புற விழுந்தான்.

டவுன் டாக்டர் தலையைத் தடவிப் பார்த்தார். "இப்ப ஒண்ணுமில்ல. ஆனா அப்நார்மலா ஏதாவது செஞ்சா உடனே தூக்கிட்டு வாங்க. அசட்டையா இருந்தா உயிருக்கே ஆபத்து."

வாசலில் நர்ஸிடம் மூக்கன் கேட்டான்: "அந்த இங்கிலீசுக்கு என்னம்மா அர்த்தம்?"

"வழக்கமாச் செய்யாததைச் செஞ்சாருன்னா, அதான் அப்நார்மல்."

அண்ணன்கள் கண் கொட்டாமல் காவல் இருந்தார்கள். தவசி எப்போதும்போல் குறட்டை விட்டான். எப்போதும்போல் கைலியிலேயே மூக்கைச் சிந்தினான். பார்க்க நிம்மதியாக இருந்தது.

கல்யாணத்தன்று மணவறையில் தவசி தாலியைக் கையில் எடுத்தான். குருந்தன் பாய்ந்து தடுத்தான்.

"அண்ணே, இவன் இதுக்கு முன்னாடி தாலி கட்டியிருக்கானா?"

"ஒருக்காலும் இல்ல."

"போச்சு! அப்நார்மல்!"

அண்ணன்களில் இருவர் தவசியின் காலையும் ஒருவன் தலையையும் பிடித்துத் தூக்கினார்கள்.

"விடுங்கண்ணே, முகூர்த்தம் போயிரும்!" என்று தவசி அலறினான்.

"பாவம், பெனாத்துறான்," என்றான் மூக்கன்.

பெண்ணின் அப்பா வழிமறித்தார். "முகூர்த்தத்துக்குள்ள தாலி ஏறலைன்னா என் மகளைக் கூட்டிக்கிட்டுப் போயிருவேன்."

தம்பியின் உயிரா, கல்யாணமா? பந்தல் வாழைமரத்தடியில் மூவரும் கூடினார்கள். ஒச்சப்பன்தான் வழி கண்டான்.

"முதல் தடவைதானே அப்நார்மல்? வேற யாருக்காவது ஒருக்கா கட்டிட்டா, செவந்திக்குக் கட்டுறது வழக்கமாயிரும்ல?"

"யாருக்குடா கட்டுறது?"

"தம்பிக்காக நான் கழுத்தைத் தர்றேன்."

தவசி அழுதுகொண்டே ஒச்சப்பன் கழுத்தில் மூன்று முடிச்சும் போட்டான். தாலி ஏறியதைக் கண்ட மேளக்காரர்கள் பழக்கதோஷத்தில் கெட்டிமேளம் வாசித்தார்கள். பின்வரிசை ஜனங்கள் அட்சதை போட்டுவிட்டுப் பந்திக்கு ஓடினார்கள்.

"சரி, கழட்டிக் குடு," என்றான் மூக்கன்.

ஒச்சப்பன் தாலியை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டான். "புருசன் உயிரோட இருக்கையில கழட்டுற வழக்கம் நம்ம குடும்பத்துல உண்டாண்ணே? நானும் அப்நார்மல் ஆகணுமா?"

தம்பி சொன்னதில் மூக்கனால் குற்றம் காண முடியவில்லை. செவந்தியின் பக்கம் திரும்பிக் கனிவாகச் சொன்னான்:

"நீ கவலைப்படாத தாயி. வேற தாலி வாங்கி, அடுத்த முகூர்த்தத்துல உனக்குக் கட்டச் சொல்றேன். உனக்கும் இது முதல் தடவைதானே? அதுக்குள்ள நீயும் எங்கயாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணிப் பழகிட்டு வந்துரு."