பெரியவர் ஓடையில் நிற்கிறார்

தீர்ப்புச் சொல்ல அவசரப்படுகிறவர்கள் முதலில் அந்தக் காவல் கோபுரத்து ஏணியடியில் போய் நிற்கட்டும். பிறகு வாயைத் திறக்கட்டும்.

அந்தக் காப்புக்காட்டில் வாழும் மலைக்குடிகள் யானையைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ‘பெரியவர்’ என்பார்கள். பெயரைச் சொன்னால், சொன்ன இடத்துக்கே வந்து நிற்குமாம். வேட்டைத் தடுப்புக் காவலராக வேலை பார்த்த பொம்மியும் அந்தக் குடிதான். அன்று மாலை நாலு மணிக்குக் கோபுரத்தின் மேலிருந்து வாக்கி டாக்கியில் சொன்னாள்: “பெரியவர் ஓடையில நிக்கறாரு.”

சோதனைச் சாவடியில் அதைக் கேட்டவன் செல்வின். கடலோரத்து ஊர்க்காரன், வேலைக்கு வந்து ஆறு நாள். பெரியவர் என்றதும், மாவட்ட வன அதிகாரிதான் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார் என்று நினைத்தான். வாக்கி டாக்கியைச் சார்ஜில் போட்டுவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு ஓடைக்கு ஓடினான்.

பனி இறங்கிக்கொண்டிருந்தது. மேலிருந்த பொம்மிக்கு மதநீர் ஒழுக நிற்கும் ஒற்றை ஆண் யானை தெரிந்தது. அதற்கு முப்பது தப்படி தள்ளி, சட்டைப் பொத்தானைப் போட்டபடி வரும் செல்வினும் தெரிந்தான். பனிக்குள் கறுப்பாய் நிற்பது ஜீப் என்று நம்பி அவன் சல்யூட் அடித்தான். யானையின் காதுகள் ஆடுவது நின்றது.

கோபுரத்தடியில் அவள் புருஷன் கேத்தன், சோற்றுத் தூக்கோடு. சத்தம் போட்டால் அது இந்தப் பக்கம் திரும்பும். அவன் மேலே பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

“யானை, செல்வின், யானை” என்று கத்தினாள் பொம்மி.

செல்வின் பாறையிடுக்கில் பாய்ந்தான். யானை கோபுரத்துக்கு வந்தது. கேத்தன் பாதி ஏறியபோது அது முட்டி ஏணி முறிந்தது. அவன் இடது முழங்காலும் அதோடு போயிற்று. கோபுரத்துக் கால்களுக்கு நடுவே உருண்டதால் உயிர் மிஞ்சியது.

ஆஸ்பத்திரியில் கேத்தன் கேட்டான்: “பெரியவர்னே கத்தியிருக்கலாமே. பேரை ஏன் சொன்ன?”

“அக்கா முதல்லயே யானைன்னு சொல்லியிருந்தா நான் ஏன் அங்க போறேன்?” என்றான் செல்வின்.

பொம்மி புருஷனைப் பார்த்துத்தான் பேசினாள். “உங்க ரெண்டு பேர்ல உனக்குத்தான் ஏணி இருந்துச்சு.”

இந்த மூவரில் யார் பேச்சு நியாயம்?

விடை: பொம்மியின் பேச்சு. ‘பெரியவர்’ என்று கத்தியிருந்தால் செல்வின் இன்னும் இரண்டு எட்டு முன்னால் போயிருப்பான். வாயை மூடியிருந்தாலும் அவன் பிணம்தான். யானை வந்தது பெயருக்கா, சத்தத்துக்கா, எனக்குத் தெரியாது. அவள் முதலில் சொன்ன வார்த்தை அந்தக் காட்டில் எல்லோருக்கும் புரியும், ஒருவனைத் தவிர. “எந்தப் பெரியவர்?” என்று ஒரு வார்த்தை கேட்க அவனுக்கு என்ன கேடு? மேலதிகாரி என்றதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்தப் பயத்துக்குத்தான் கேத்தனின் கால் போனது.