ஆமை ஏறிய கரை

"அம்மா, இந்த நன்றியை எங்க கொண்டுபோய்ச் சேக்கிறது?"

கேட்டவர் தேசிங்கு. தெற்குக் குப்பத்தின் பஞ்சாயத்துத் தலைவர். வயது அறுபத்தேழு.

கேட்கப்பட்ட அஞ்சலாட்சிக்கு நாற்பத்தைந்து. சவுக்குத் தோப்பில் தனியாக இருந்தார். வலை பின்னிச் சாப்பிட்டார். கேட்டதற்கு மட்டும் பேசினார். இளையவளிடம் போய்த் தலைவர் பாடம் கேட்கிறாரே என்று ஊர் சிரித்தது. சிரித்து அலுத்தும் விட்டது. தேசிங்கு நான்கு வருடமாக வந்துகொண்டிருந்தார்.

"என்ன நன்றி?"

"காலையில பாத்தோம். நம்ம கரையில பங்குனி ஆமை ஏறி முட்டை போட்டிருக்கு. பதினெட்டு வருசம் கழிச்சு."

"நல்லது."

"கற்பூரம் காட்டினோம். கங்கையம்மனுக்குப் பொங்கல் வச்சாச்சு. கல்லு போட்ட இன்ஜினியருக்கும் போன் பண்ணிச் சொல்லியாச்சு. மனசு அடங்கமாட்டேங்குது."

"வேற என்ன நடந்துச்சு?"

"ஒண்ணுமில்ல. வடக்குக் குப்பத்துக்காரங்க கரைவலை இழுக்க நம்ம கரையில இடம் கேக்கறாங்க. சாயந்தரம் பஞ்சாயத்து. முடியாதுன்னு சொல்லிடணும்."

"ஏன்?"

"எங்களுக்கே இப்பத்தானே கரை கிடைச்சிருக்கு."

ஆறு வருடங்களுக்கு முன் இரண்டு குப்பங்களுக்கும் நடுவே கடலுக்குள் நீளமாகப் பாறாங்கற்களைக் கொட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் அதில் முட்டி நின்றது. தெற்குக் குப்பத்துக்கு நூறடிக் கரை திரும்பி வந்தது. வடக்கே எதுவும் போகவில்லை.

"ஆமை எந்த வழியா வந்துச்சு?"

"கடல்லேர்ந்துதான். வேற எங்கேர்ந்து வரும்?"

"பாத்தீங்களா?"

"விடிஞ்சப்புறம்தான் பாத்தோம்."

அஞ்சலாட்சி ஊசியை வலையில் செருகிவிட்டு எழுந்தார்.

முட்டைக் குழியைச் சுற்றிக் கம்பு நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். குங்குமம் சிந்திக் கிடந்தது. அஞ்சலாட்சி குழியைப் பார்க்கவில்லை. தடத்தைப் பார்த்தார். குழியிலிருந்து இரண்டு தடங்கள் போயின. ஒன்று நேராகக் கடலுக்கு.

"இது திரும்பிப் போனது" என்றார் தேசிங்கு.

"அது?"

இன்னொன்று கடலுக்குப் போகவில்லை. காய்ந்த மணலிலேயே பக்கவாட்டில் போய், கொட்டிய கற்களின் அடியில் நின்றுவிட்டது.

"ஆமை கல்லேறுமா?"

"ஏறாது."

"பறக்குமா?"

"கிண்டல் பண்ணாதீங்கம்மா."

"கிண்டல் இல்ல. வந்த வழியைத்தான் கேக்கறேன்."

கல்லில் ஏறினார்கள். பாசி வழுக்கியது. இடுக்குகளில் நண்டுகள் ஒதுங்கின. இத்தனை வருடத்தில் தேசிங்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

அந்தப் பக்கம் கரை இல்லை. கல்லை அடுத்துத் தண்ணீர். தண்ணீரை அடுத்து ஒரு வீட்டின் பாதி. அதன் கூரைமேல் கரைவலை ஒன்று சுருட்டிக் கிடந்தது. கீழே ஒரு பெண் கல்லிலிருந்து சிப்பி பெயர்த்துக்கொண்டிருந்தாள்.

"தலைவரா? வாங்க, வாங்க" என்றாள் அவள். "ஆமை நல்லபடியா முட்டை போட்டுச்சா?"

"உனக்கு யார் சொன்னா?"

"ராத்திரி எங்க பக்கம்தான வந்துச்சு. இங்க மணல் இருந்தப்ப பொறந்தது போல. இடத்தைத் தேடித் தேடிக் கல்லுல முட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. பாக்க முடியல. நாலு பேரு தார்ப்பாயில வச்சுத் தூக்கியாந்து உங்க மணல்ல விட்டோம்."

"கல்லுக்கு மேலயா?"

"என்னா கனம்ன்றீங்க. எங்க வீட்டுக்காரர் வழுக்கி விழுந்தாரு. ஆமையை விடல, அவருதான் விழுந்தாரு. முட்டி வீங்கிப் படுத்திருக்காரு."

"எங்களைக் கூப்பிட்டிருக்கலாமே."

"கூப்பிட்டிருக்கலாம். கல்லைத் தாண்டி எதுக்கு வந்தீங்கன்னு கேட்டா என்ன சொல்றது?"

தேசிங்கு அஞ்சலாட்சியைத் திரும்பிப் பார்த்தார். அஞ்சலாட்சி ஒரு நண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேசிங்கின் கைகள் தாமாகக் குவிந்தன. காலையில் கற்பூரத்தின் முன் அவை இப்படிக் குவியவில்லை.

அவள் பதறிப்போய் எழுந்தாள். "எதுக்குங்க பெரியவங்க இதெல்லாம். ஒரு வாயில்லாத சீவன். யாரா இருந்தாலும் தூக்கித்தான் விடுவாங்க."

அவர் கும்பிட்ட கையை இறக்கவில்லை.

அவள் சிப்பிக் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சிறிது தயங்கினாள்.

"சாயந்தரம் எங்க ஆளுங்க பஞ்சாயத்துக்கு வருவாங்க. இடம் இல்லன்னாலும் முகம் கோணாம சொல்லி அனுப்புங்க."

"யாரும் வர வேணாம்" என்றார் தேசிங்கு.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் கூரைமேல் கிடந்த வலையையும் கல்லின் உயரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாங்க வர்றோம். அந்த வலையைத் தூக்க உங்க ஆள் பத்தாது."