தேரை வீட்டு மாப்பிள்ளை

அந்தக் காலத்தில் சூரியனுக்கு வானத்தில் வேலை கிடையாது. அவன் தரையில், ஒரு தேரையின் வீட்டில், வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்தான். கல்லும் மரமும் பேசிய காலம் அது. தேரை பேசியதில் என்ன அதிசயம்?

தேரையின் பெயர் கற்குவேல். மனைவி போய்ச் சேர்ந்தபின் ஒற்றை மகளைத் தனியாக வளர்த்து ஆளாக்கியவர். மகள் பெயர் அந்தி. மருதாணி பிடித்த கை மாதிரி ஒரு சிவப்பு அவள் உடம்பு முழுக்க. அவளைப் பிரிய மனமில்லாமல், வீட்டோடு இருக்கச் சம்மதிக்கிற மாப்பிள்ளையாகத் தேடி வெயிலுமுத்துவைக் கொண்டுவந்தார். சூரியனுக்கு அன்றைக்கு அதுதான் பெயர்.

வெயிலுமுத்து அதிகம் பேசமாட்டான். வேலைதான் பேசும். அவன் களத்தில் போய் உட்கார்ந்தால் அவித்த நெல் சலசலவென்று காய்ந்துவிடும். மிளகாய், புளி, மாங்காய் வற்றல், கருவாடு எல்லாம் அவன் கை பட்டு வருடம் முழுக்கக் கெடாமல் இருக்கும். முற்றத்தில் பித்தளை அண்டாவில் தண்ணீர் வைத்து, பக்கத்தில் அவன் சற்று நேரம் நின்றால் போதும், மாமனாருக்கு வெதுவெதுவென்று குளிக்கத் தண்ணீர் தயார். ஒரு சுள்ளி விறகு செலவில்லை. பாயையும் தலையணையையும் அவன் ஒரு புரட்டுப் புரட்டினால் மூட்டைப்பூச்சி ஊரை விட்டே ஓடும். வேலை முடிந்ததும் கூடத்து மூலையில் வந்து அமர்வான். வீடு முழுக்க வெளிச்சமாக இருக்கும்.

இத்தனை செய்தவனுக்குக் கற்குவேல் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. அவர் கெட்டவர் அல்ல. ஆனால் முன்பெல்லாம், "அய்யா, சாப்பிட்டியளா?" என்று கேட்காமல் அந்தி தன் வாயில் சோறு வைக்கமாட்டாள். இப்போது, "நீங்க ரெண்டு பேரும் சாப்பிட்டியளா?" என்று கேட்கிறாள். அவ்வளவுதான் நடந்தது. பெற்ற மனசுக்கு அது போதும். அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாகத் தைத்து அங்கேயே புரையோடிக் கிடந்தது.

ஐப்பசி பிறந்தது. கற்குவேலின் பங்காளி கார்மேகம் விருந்துக்கு வந்தான். மழைதான் அவன். வரும்போதே கடகடவென்று சிரித்துக்கொண்டு, கதவைத் தட்டாமல் உள்ளே வருகிற ஆள். வந்தவன் போகவே இல்லை. வீட்டைச் சுற்றிப் பெய்தான். குளத்தை நிரப்பினான். கற்குவேலுக்குத் தோல் குளிர்ந்தது, மனம் குளிர்ந்தது. இருவரும் வாசலில் உட்கார்ந்து பழங்கதை பேசினார்கள்.

ஈரத்தில் வெயிலுமுத்துவின் உடம்பு மங்கிப்போனது. களத்து நெல் முளைவிட்டது. கருவாடு நாறியது. அவன் கூடத்து மூலையில் போர்வைக்குள் சுருண்டு கிடந்தான். அந்தி சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள்.

"என்ன அண்ணாச்சி, மாப்பிள்ளைக்கு மசக்கையா? எந்திரிக்கவே மாட்டேங்காரு!" என்றான் கார்மேகம்.

கற்குவேல் சிரித்தார். சிரிப்பில் முள் நகர்ந்தது.

அன்று மதியம் அந்தி இரண்டு இலை போட்டாள். ஒன்று அப்பாவுக்கு, ஒன்று கணவனுக்கு. வெயிலுமுத்து மெல்ல எழுந்து வந்து உட்கார்ந்து, முதல் கவளத்தைப் பிசைந்தான். அப்போது நனைந்த தலையோடு கார்மேகம் உள்ளே நுழைந்தான்.

"எனக்கு எலை இல்லையா அண்ணாச்சி?"

"உனக்கு இல்லாமலா?" என்ற கற்குவேல், மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "நீங்க கொஞ்சம் எந்திரிங்க மாப்பிள்ளை. குளத்த நெரப்புனவன் உக்காரட்டும். போர்வைக்குள்ள கெடந்தவருக்குப் பசி பொறுக்கும்."

அந்தியின் கையிலிருந்த கரண்டி நின்றது. பகையாளியாக இருந்தாலும் இலையில் உட்கார்ந்தவனை எழுப்பக்கூடாது. அது அந்த நாளிலும் சட்டம்தான். கற்குவேலுக்கும் தெரியும். வாயிலிருந்து வந்த பிறகுதான் உறைத்தது.

வெயிலுமுத்து பிசைந்த சோற்றை இலையிலேயே வைத்தான். கையை உதறினான்.

"சரி மாமா. எந்திரிச்சிட்டேன்" என்றான்.

எழுந்தவன் நிற்கவில்லை. எழுந்துகொண்டே இருந்தான். கூரையைத் தாண்டினான், பனைமர உச்சியைத் தாண்டினான், மேலே கவிந்து கிடந்த கார்மேகத்தின் முதுகைக் கிழித்துக்கொண்டு வானத்துக்கே போய்விட்டான். கார்மேகம் வெலவெலத்துக் கடல் பக்கம் ஓடினான். வீடு இருண்டது.

"மாப்பிள்ளை!" என்று கூப்பிட்டிருக்கலாம். ஒரு சத்தம் போதும். கற்குவேல் கூப்பிடவில்லை.

அந்தி நிலைப்படியில் நின்று அப்பாவைப் பார்த்தாள். "நீங்க கூப்பிடுவிய, கூப்பிடுவியன்னு பாத்தேன் அய்யா" என்றாள். அப்புறம் கணவன் போன வழியே அவளும் போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து வெயிலுமுத்து மேலே இருந்தபடியே எல்லார் முற்றத்திலும் இறங்கினான். ஒரு வீட்டுக்குச் செய்ததை ஊருக்கே செய்தான். அவரவர் நெல்லையும் மிளகாயையும் பாயையும் வாசலில் போட்டார்கள். அவரவர் அண்டாவில் தண்ணீர் வைத்தார்கள்.

காகம் வேலியில் உட்கார்ந்து கரைந்தது. "கற்குவேல் மாமோவ்! உம்ம மாப்பிள்ளை இப்ப ஊருக்கே மாப்பிள்ளை! உம்ம பாயையும் கொண்டாந்து போடும், பூச்சி செத்துப்போவும்!"

"எம் மேல அவன் சூடு படக்கூடாது. பட்டா நான் தேரை இல்ல" என்று கத்திவிட்டு, கற்குவேல் கொல்லையில் கிடந்த பெரிய கல்லுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டார். ரோஷம் என்று ஒன்று வந்துவிட்டால் அதற்கு வீடு என்ன, கல் என்ன?

ஆனால் மகள் ஞாபகம் கல்லடியிலும் விடவில்லை. அண்டாவில் மொண்டு முதுகில் ஊற்றுகிற அவள் கை, கதவோரம் நின்று கேட்கிற அந்தக் கேள்வி எல்லாம் இருட்டில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தன. இப்போது, "நீங்க ரெண்டு பேரும்" என்று கேட்டால்கூடப் போதும் என்று இருந்தது.

மேலே அந்தியும் தினம் அழுதாள். கடைசியில் வெயிலுமுத்து மனம் இறங்கினான். "நான் மலைக்குப் பின்னால எறங்குற நேரத்துல நீ மேற்கு வாசல்ல நின்னு உங்க அய்யாவப் பாத்துக்கோ. நான் எறங்கி முடிச்சதும் வந்திரணும்" என்றான்.

அன்று பொழுது சாயும்போது மேற்கே வானம் மருதாணி நிறத்தில் சிவந்தது. கற்குவேல் கல்லடியிலிருந்து தலையை நீட்டினார். மகள்.

"அய்யா, சாப்பிட்டியளா?"

'மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வா தாயி' என்பதுதான் சொல்ல வேண்டிய வார்த்தை. அது தொண்டைவரை வந்து நின்றது. அவர் விழுங்கினார், திரும்ப வந்தது. அதற்குள் சிவப்பு கரைந்து இருட்டிவிட்டது.

ஒவ்வொரு நாளும் இப்படியே. அவர் உடம்பு ஜில்லென்று ஆகிக்கொண்டே வந்ததை மேலிருந்து பார்த்த அந்தி கணவனிடம் கேட்டாள். "அவரு மேல உங்க சூடு படவேண்டாம். அந்தக் கல்லு மேல படட்டும். கல்லு என்ன பாவம் பண்ணிச்சு?"

வெயிலுமுத்து மறுநாள் பகல் முழுக்கக் கல்லின் மேல் நின்றான்.

இரவு கற்குவேல் கல்லடியில் புரண்டபோது முதுகு வெதுவெதுத்தது. யார் சூடு என்று அவருக்குத் தெரியாதா? "கல்லு இப்படித்தான் இருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் ஒட்டிப் படுத்தார்.

இப்போது மாடிகளில் கறுத்த பலகைகளைச் சாய்த்து வைத்து, பகலில் பிடித்த வெயிலைக் கொண்டு இரவில் விளக்கு எரிக்கிறார்கள், மின்விசிறி ஓட்டுகிறார்கள். பகல் வெயிலை இரவுக்கு மிச்சம் பிடிக்கலாம் என்று முதலில் கண்டவள் அந்திதான். அதுவும் ரோஷக்கார அப்பனுக்காக. மழைக்காலத்தில் குளக்கரையில் தேரை போடுகிற சத்தத்தை மழையை வரவேற்பதாக நினைக்கிறோம். "உன்னாலதானடா!" என்று கார்மேகத்தைத் திட்டுகிற சத்தம் அது.

அன்று முதல்தான் தேரை பகலெல்லாம் கல்லடியில் கிடக்கிறது. அந்தி சிவக்கும்போது வெளியே வந்து மேற்கே பார்க்கிறது. சொல்லாத அந்த வார்த்தை இன்னும் உள்ளேயே கிடப்பதால் அதன் தொண்டை ஓயாமல் துடித்துக்கொண்டே இருக்கிறது.