ஒழுகிய அரண்மனையும் பரண் ஏறிய அரசரும்

மழைக்கும் மன்னனுக்கும் மட்டும் யாராலும் உத்தரவு போட முடியாதிருந்த அந்தக் காலத்தில், ஏரிகள் சூழ்ந்த ஒரு நாட்டைப் பூவரசேந்திரன் என்ற அரசர் ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் யாராவது புகழ்ந்து பேசினால் உடனே தலையாட்டிவிடுவார். அவர் இருந்த அரண்மனை, பாட்டனாருக்குப் பாட்டனார் கட்டியது. செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த கெட்டியான கட்டடம். நூறு மழை பார்த்தும் ஒரு சொட்டு உள்ளே வந்ததில்லை.

மாளிகையைப் பராமரிக்கும் பொறுப்பு உத்தமராயர் என்பவரிடம் இருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன்பு அவர் சபையில் கண் கலங்கி ஒரு விண்ணப்பம் செய்தார். வேலையாட்கள் மேல்தளத்தில் நடக்கிறார்கள், அப்போது கீழே அரசர் அமர்ந்திருக்கிறார், கண்டவர் கால் எல்லாம் அரசர் தலைக்கு மேலே நடமாடுவதைத் தன் நெஞ்சு தாங்கவில்லை என்றார். அரசருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "மாளிகைத் தளத்தில் அரசர் தலையைவிட உயரத்தில் எவர் காலும் படக் கூடாது" என்று அன்றைக்கே உத்தரவு பிறந்தது. மாடிப்படிக் கதவு பூட்டப்பட்டுச் சாவி உத்தமராயர் இடுப்புக்குப் போனது.

அடுத்த மழையிலேயே சபா மண்டபம் ஒழுகத் தொடங்கியது. அதுவும் சரியாகச் சிங்காதனத்துக்கு மேலே. உத்தமராயர் உள்பக்கமாகச் சுண்ணாம்பு அடித்தார். பத்து நாளில் பழுப்புத் திட்டு பூத்தது. மறுபடி அடித்தார். இந்த முறை காரையே பெயர்ந்து அரசரின் பாயசக் கிண்ணத்தில் விழுந்தது. கடைசியில், மண்டபத்துக்கு உள்ளேயே ஒருவன் குடை பிடித்து நிற்கும்படி ஆயிற்று. அயல்நாட்டுத் தூதர் வந்தபோது அந்தக் குடையை மூன்று தரம் அண்ணாந்து பார்த்தார். அரசர் அன்று சாப்பிடவில்லை.

நிலைமையைப் பார்த்துப் பொறுக்காமல், ஒண்டிவீரன் என்ற கொத்தனார் யாரையும் கேட்காமல் ஏணி போட்டு ஏறினார். பாதி ஏணியிலேயே பிடித்துச் சிறையில் அடைத்துவிட்டார்கள். அவர் மனைவி அழுதுகொண்டு போய் நின்ற இடம், அரசவை விகடகவி கோட்டைமுத்துவின் வீட்டு வாசல்.

கோட்டைமுத்து மறுநாள் சபையில் பேச்சை எடுத்தார். ஏறாமல் எப்படிப் பழுது பார்ப்பது, ஏறப் போனவர் என்ன தவறு செய்தார் என்று பணிவாகத்தான் கேட்டார். வெகு நாளாக அவர்மேல் புகைந்துகொண்டிருந்த உத்தமராயருக்கு அது நல்ல வாய்ப்பாகப் போயிற்று.

"அரசே, விகடகவியாருக்கு எல்லாம் தெரியும்போல் இருக்கிறது. ஐப்பசி மழை பிடிக்கப் பத்து நாள் இருக்கிறது. அதற்குள் ஒழுக்கை அவரே நிறுத்தட்டும். ஆனால் உத்தரவு உத்தரவுதான். தங்கள் தலைக்கு மேலே ஒருவர் காலும் போகக் கூடாது. முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும், அந்தக் கொத்தனையும் கூட்டிக்கொண்டு" என்றார்.

குடைக்குக் கீழே எரிச்சலோடு உட்கார்ந்திருந்த அரசர், அப்படியே ஆகட்டும் என்று சொல்லிவிட்டார்.

கோட்டைமுத்து நேரே சிறைக்குப் போனார். ஒண்டிவீரன் அழவில்லை, புலம்பவில்லை. மழை விட்டு எத்தனை நாள் ஒழுகுகிறது என்று மட்டும் கேட்டார். மாதம் ஆனாலும் சொட்டு நிற்பதில்லை என்றார் கோட்டைமுத்து.

"அப்ப மேல தண்ணி நிக்குதுங்க சாமி," என்றார் கொத்தனார். "எங்க பாட்டன் போட்ட தளம் அது. தண்ணி ஓட வாட்டம் பாத்துப் போட்டது. மழை விட்டு வெத்தலை மெல்லுற நேரத்துல தண்ணி தூம்பு வழியா ஓடிப்போயிரணும். எது தடுக்குதுன்னு பாக்கணும். கீழ எத்தனை பூசினாலும் புண்ணியமில்ல, ஒழுக்கை மேலதான் அடைக்கணும். ஒரு வாரம் போதும் எனக்கு. ஆனா ஏறணுமே."

ஏற வைப்பது என் பாடு என்று சொல்லிவிட்டுக் கோட்டைமுத்து வெளியே வந்தார். அன்று மாலையே அரண்மனை முற்றத்தில், சுவரை ஒட்டி மூங்கில்கள் வந்து இறங்கின. தினைப்புனத்தில் கிளி ஓட்டக் கட்டுவார்களே, அதைப் போல ஒரு பரண் எழுந்தது. ஆனால் இது மேல்தளத்தையும் தாண்டி இரண்டு ஆள் உயரம் போயிற்று. உச்சியில் பட்டு விரித்து ஆசனம் போட்டார்கள். அகலமான படிகளும் கைப்பிடியும் வைத்தார்கள். இரண்டு நாளில் வேலை முடிந்தது.

கோட்டைமுத்து அரசரை அழைத்துவந்து பரணுக்கு முன்னால் நிறுத்தினார்.

"அரசே, தங்கள் தலையைவிட உயரத்தில் எவர் காலும் படக் கூடாது என்பது உத்தரவு. தங்கள் தலை எங்கே இருக்க வேண்டும் என்று அதில் இல்லை. தாங்கள் மேலே எழுந்தருளினால், தளத்தில் நடக்கிறவர்கள் எல்லாரும் தங்கள் திருவடிக்குக் கீழேதான் நடப்பார்கள்."

உத்தமராயர் முகம் வெளுத்தது. அரசருக்குத் தலைசுற்றும், காற்று ஆகாது, சகுனம் சரியில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆனால் புதிதாக ஏதாவது என்றால் அரசருக்குக் குழந்தைபோல் ஆசை. கோட்டைமுத்துவும் உத்தமராயரும் பின்தொடர, விறுவிறுவென்று ஏறிப் போய் அமர்ந்தார். அமர்ந்தவர் தன் அரண்மனைத் தளத்தை வாழ்க்கையில் முதன்முறையாகப் பார்த்தார்.

நடுத்தளத்தில் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் தேங்கி நின்றது. சட்டியில் வைத்த வெள்ளாம்பல் இரண்டு அதில் பூத்திருந்தன. கரையில் ஒரு சாய்வு நாற்காலி. பக்கத்தில் வெற்றிலைப் பெட்டி, விசிறி, ஒரு ஜோடி பாதக்குறடு. சிறையிலிருந்து அழைத்துவரப்பட்ட ஒண்டிவீரன் தண்ணீரில் இறங்கித் தூம்பு வாய்களைத் தடவினார். நான்கிலும் பழைய பட்டுத்துணி இறுக்கி அடைத்திருந்தது. ஒன்றை உருவி எடுத்து உயரப் பிடித்தார். சரிகைக் கரையில் உத்தமராயரின் பெயர் இருந்தது.

தூம்பு வழியே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

அரசர் கேட்டார். "உத்தமராயரே, இது என்ன?"

உத்தமராயர் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. கோடையில் தன் கால்கள் எரிகின்றன, மாலைக் காற்றில் தண்ணீரில் கால் வைத்து அமர்ந்தால் இதமாக இருக்கிறது, வேறு யாரும் வந்துவிடக் கூடாது என்றுதான் அந்த விண்ணப்பம் செய்ததாகச் சொன்னார்.

"இந்தக் குளத்துக்கு நேர் கீழே என்ன இருக்கிறது?"

"தங்கள் சிங்காதனம், அரசே."

அரசரின் கண்கள் சிவந்தன. தன் தலைக்கு மேலே இரண்டு வருடமாகக் கால் கழுவியிருக்கிறார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது. காவலரை அழைக்க வாய் திறந்தார். கோட்டைமுத்து மெதுவாகச் சொன்னார்: "அரசே, அண்டை நாட்டு மன்னர்களுக்கு எல்லாம் காலடியில்தான் குளம் இருக்கிறது. தலைக்கு மேலே ஆம்பல் குளம் வைத்திருந்த மன்னர் தாங்கள் ஒருவர்தான்."

அரசர் முறைத்தார். பிறகு ஆம்பல் பூக்களைப் பார்த்தார். வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பிற்று. பரண் ஆடும் அளவுக்குச் சிரித்தார்.

வேலை தொடங்கியது. வெடிப்புகளைக் கீறித் துடைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பைக் குழைத்து நிரப்பினார் ஒண்டிவீரன். பதினைந்து பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் தளத்தை அடித்தார்கள். உத்தரவு இன்னும் நிலுவையில் இருந்ததால் அரசர் பரணை விட்டு இறங்க முடியவில்லை. வழக்கு கொண்டுவந்தவர்கள் முற்றத்தில் நின்று கத்தினார்கள். அரசர் மேலிருந்து கத்தித் தீர்ப்புச் சொன்னார். மாடு தொலைந்தது என்றவருக்கு, ஓடு விழுந்தது என்று கேட்டுப் பத்து ஓடு கொடுக்கச் சொல்லிவிட்டார். நான்காம் நாள், வெயிலில் சிவந்த மூக்கோடு அவரே அந்த உத்தரவை ரத்துசெய்துவிட்டு இறங்கிவந்தார்.

பத்தாம் நாள் மழை பிடித்தது. பேய்மழை. சபையில் அத்தனை பேரும் அண்ணாந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நாழிகை ஆயிற்று. இரண்டு நாழிகை ஆயிற்று. மண்டபத்தின் உட்கூரை காய்ந்தே இருந்தது. அரசர் குடைக்காரனைப் பார்த்து, நீ வீட்டுக்குப் போகலாம் என்றார்.

ஒண்டிவீரனுக்கு அரண்மனைக் கொத்தனார் பட்டமும் நன்செய் நிலமும் கிடைத்தன. உத்தமராயரிடம் சாவியை வாங்கிக்கொண்டு ஒரு துடைப்பத்தைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு மழைக்கும் முன்னால் தூம்பு வாயில் இலை சருகு இல்லாமல் பெருக்குவது இனி அவர் வேலை.

அரசர் தன் கழுத்து மாலையைக் கழற்றிக் கோட்டைமுத்துவுக்குப் போட்டுவிட்டு, வேறு என்ன வேண்டும் என்று கேட்டார். அவர் கொஞ்சம் தயங்கினார். கொத்தனாரை ஒரு வாரம் தன் வீட்டுக்கு அனுப்பினால் நல்லது என்றார். அங்கே மூன்று வருடமாக ஒழுகுகிறதாம்.

"மூன்று வருடமாகவா? ஏன் ஐயா முன்பே சொல்லவில்லை?"

"அரசே, அரண்மனை ஒழுகும்போது குடிமகன் வீட்டை மட்டும் அடைத்துக்கொண்டால் அது ராஜத்துரோகம் ஆகாதா?"

அரசர் சிங்காதனத்தைத் தட்டித் தட்டிச் சிரித்தார். மழை விட்ட மறுநாளே கொத்தனாரும் பதினைந்து பெண்களும் இரண்டு வண்டிச் சுண்ணாம்பும் கோட்டைமுத்துவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அடுத்த மழையில் அவர் மனைவி, இத்தனை நாள் ஒழுக்குக்கு வைத்திருந்த அண்டாவையும் குண்டானையும் அடுப்பில் ஏற்றி, தெருவுக்கே பொங்கல் வைத்துப் போட்டாள்.