மூன்று பேருக்கு வந்த ஒரு மெசேஜ்

கதை சின்னதுதான். ஆனால் தீர்ப்புச் சொல்ல வேண்டியது நீங்கள். அதனால் யார் என்ன செய்தார்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டே வாருங்கள்.

திருப்பூரில் ஒரு காம்பவுண்டுக்குள் வரிசையாக ஆறு வீடுகள். முதல் வீட்டில் வசந்தாமணி, நடுவீட்டில் ரெஜினா, கடைசி வீட்டில் பரிமளா. மூன்று பேருக்கும் சேர்த்துப் பகலில் இருப்பது ஒரே ஒரு டச் போன். அது வசந்தாமணியுடையது. பரிமளா வீட்டுப் போன் அவள் புருஷனோடு லாரியில் போய்விடும்.

பரிமளா ஆறு வருஷம் பனியன் கம்பெனியில், துணி ஓரங்களை மூட்டும் ஓவர்லாக் மிஷினில் தைத்தவள். குழந்தை பிறந்ததும் நின்றுவிட்டு, அதே மாதிரி வாடகை மிஷின் ஒன்றை வீட்டில் போட்டுத் தைத்து வந்தாள். இப்போது தைக்கத் துணி வருவது நின்றுவிட்டது. திங்கட்கிழமை மிஷினைத் தூக்கிக்கொண்டு போவதாக மிஷின்காரரும் சொல்லிவிட்டார்.

"பாப்பாவ எங்கம்மாகிட்ட ஊர்ல விட்டுட்டு நீ வேலைக்குப் போயிரு" என்றான் புருஷன்.

பாப்பாவுக்கு இரண்டு வயசு. அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொள்ளாமல் தூங்காது. அதைக் கேட்ட நாளிலிருந்து பரிமளாவுக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை தெருமுனைச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பனியன் கம்பெனிக்கு ஓவர்லாக் டெய்லர் ஒருவர் தேவை. மிஸ்டு கால் கொடுத்தால் கம்பெனியே திரும்பக் கூப்பிட்டுப் பேரும் அனுபவமும் கேட்கும். பிறகு தைப்பதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். வீடியோவைப் பார்த்துத்தான் ஆள் எடுப்பார்கள். ஒரு நம்பரிலிருந்து ஒருவர் மட்டுமே கேட்கலாம். அடியில் சின்ன எழுத்தில், குழந்தைகளை விட உள்ளேயே காப்பகம் உண்டு என்றிருந்தது.

பரிமளா அந்தக் கடைசி வரியை மூன்று தடவை படித்தாள். ஆனால் வசந்தாமணியிடம் போய்ப் போனைக் கேட்கக் கூச்சம். முன்பின் தெரியாதவர்களிடம் பேச வேண்டும் என்றாலே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நாளைக்குக் கேட்கலாம் என்று வீட்டுக்குள் போய்விட்டாள். சனிக்கிழமை காலையில் வசந்தாமணி தனக்கென்றே மிஸ்டு கால் கொடுத்துவிட்டாள்.

கம்பெனி திரும்பக் கூப்பிட்டபோது வசந்தாமணி குழாயடியில் நின்றாள். போன் திண்ணையில் கிடந்தது. எடுத்தவள் ரெஜினா. பேர் கேட்டதும் தன் பேரையே சொன்னாள். நாலு வருஷ அனுபவம் என்றாள். பொய்யில்லை. ஆனால் அதில் மூன்று வருஷம், தைத்து வந்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் மேஜையில் நின்றது.

குடத்தோடு வந்த வசந்தாமணி கத்தினாள். "என்ற போன்ல உன்ற பேரா? நல்லா இருக்குது புள்ள உன்ற நாயம்!"

"பதட்டத்துல வாயில வந்துருச்சுக்கா. உங்க பேரைச் சொன்னா மட்டும் என்ன, ஊசில நூல் கோக்கவே உங்களுக்கு ஆள் வேணும்."

சண்டை முடியுமுன் மெசேஜ் வந்தது: ஒரு மணி நேரத்துக்குள் வீடியோ அனுப்பவும்.

மிஷின் இருப்பது பரிமளா வீட்டில். மூவரும் அங்கே ஓடினார்கள். ரெஜினா உட்கார்ந்து தைத்துப் பார்த்தாள். துணி இழுத்துக்கொண்டு சுருண்டது. இன்னொரு தடவையும் அப்படியே. "என்னால முடியல பரிமளா, நீ தைச்சுக் குடு. கை மட்டும்தான தெரியும்" என்றாள். பரிமளாவுக்கு மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வசந்தாமணி போனைப் பிடிக்க, பரிமளா ஒரு டீ-சர்ட்டின் தோளையும் பக்கங்களையும் நிறுத்தாமல் மூட்டி முடித்தாள். வீடியோ ரெஜினா பேரில் போனது.

ஞாயிற்றுக்கிழமை பதில் வந்தது. "உங்கள் தையல் எங்களுக்குப் பிடித்திருக்கிறது. திங்கள் காலை எட்டு மணிக்குள் இந்த மெசேஜோடு வரவும். தாமதித்தால் வேலை அடுத்தவருக்கு."

திங்கட்கிழமை கம்பெனி கேட்டில் மூன்று பேரும் நின்றார்கள். பரிமளாவின் இடுப்பில் பாப்பா. சூப்பர்வைசர் பானுமதி வெளியே வந்தார்.

"வேலை ஒண்ணுதானுங்களே, மூணு பேரு எதுக்கு? எட்டடிக்க அஞ்சு நிமிஷம் இருக்குது. சட்டுனு சொல்லுங்க."

வசந்தாமணி போனை நீட்டினாள். "மிஸ்டு கால் குடுத்தது நானுங்க. மெசேஜ் வந்ததும் என்ற நம்பருக்குத்தான்."

"நீங்க கேட்டதுக்குப் பதில் சொன்னது நான் மேடம். உங்ககிட்ட இருக்கறது என் பேரு" என்றாள் ரெஜினா.

பரிமளா ஓர் அடி முன்னால் வந்தாள். இன்னும் நாலு நிமிஷம். இப்போதும் பேசாவிட்டால் பாப்பா ஊருக்குப் போய்விடும். "மேடம்... அந்த வீடியோல இருக்கறது என் கைங்க. ரெஜினா பேர்ல போகுதுன்னு தெரிஞ்சுதான் தைச்சேன். அது தப்புத்தானுங்க."

ரெஜினா திரும்பினாள். "எனக்குன்னுதான தைச்சுக் குடுத்த? குடுத்ததத் திருப்பிக் கேக்கறியே, வெக்கமாயில்ல?"

வாட்ச்மேன் கேட்டில் கை வைத்துக்கொண்டு பானுமதியின் முகத்தைப் பார்த்தார்.

கதை கேட்டவர்களே, சொல்லுங்கள். அந்த வேலை யாருக்குச் சேர வேண்டும்? நம்பருக்கு உரியவளுக்கா, பேருக்கு உரியவளுக்கா, கைக்கு உரியவளுக்கா?

விடை: பரிமளாவுக்குத்தான். வசந்தாமணியின் போன் சேதி கொண்டுபோய்ச் சேர்த்தது, அதோடு அதன் வேலை முடிந்தது. பேரையும் அனுபவத்தையும் கேட்டார்களே தவிர, ஆள் எடுத்தது வீடியோவைப் பார்த்து. மெசேஜிலும் தையல் பிடித்தது என்றுதான் இருந்தது. ரெஜினா கேட்டது மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. தைத்த துணியை இன்னொருத்திக்குக் கொடுத்துவிடலாம், தைக்கிற கையைக் கொடுக்க முடியுமா? ரெஜினா உள்ளே போயிருந்தால் மத்தியானத்துக்குள் மாட்டிக்கொண்டிருப்பாள். பரிமளா செய்ததிலும் தப்பு இருந்தது, அதை அவளே யாரும் கேட்காமல் ஒத்துக்கொண்டாள். பானுமதியும் இப்படித்தான் முடிவு செய்தார். ரெஜினா பேரை அடித்துப் பரிமளா பேரை எழுதினார். பிறகு காப்பகத்து நோட்டை எடுத்துப் பாப்பாவின் பேரைக் கேட்டார்.